பெயர் எழுதாத மனு

கோக்-தால்
19 அக்டோபர் 1997

அன்புள்ள அனார்கான் அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய், உன் அடுப்பு அணையாமல் எரிகிறது என்று நம்புகிறேன். இங்கே ஆட்கள் நலம், ஆடுகள் நலம். சிவப்புப் பசு மட்டும் கால் நொண்டுகிறது. ஜிபாரின் அப்பா மந்தையோடு குளிர்காலக் கொட்டிலுக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. கணவாய் மூடிவிட்டால் இனி அவர் முகத்தை வசந்தத்தில்தான் பார்க்க முடியும்.

ஜிபார் முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நீ அனுப்பிய வெள்ளை ரிப்பன்களைக் கட்டிக்கொண்டு போனாள். தலையைவிட ரிப்பன் பெரிதாக இருந்தது. முதல் மாதம் அவளுக்குப் பள்ளி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

வகுப்பை எடுக்க நகரத்திலிருந்து வந்த பையன் ஐந்து வாரம்தான் இருந்தான். ஒரு திங்கட்கிழமை ஆளைக் காணவில்லை. பிஷ்கெக் சந்தையில் சட்டை விற்கப் போய்விட்டானாம். இரண்டு நாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சும்மா திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் நெட்டை மூத்தார் குதிரையைப் பள்ளி வேலியில் கட்டிவிட்டு வகுப்புக்குள் போனார். உனக்கு அவரை நினைவிருக்கும், ஜிபாரின் அப்பாவுக்கு அண்ணன் முறை. என் கல்யாணத்தன்று கூடாரத்து நிலையில் தலையை இடித்துக்கொண்டவர். நாற்பது வருடம் ஆசிரியராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். இப்போது அவருக்கு ஆணையும் இல்லை, சம்பளமும் இல்லை. எதற்கு வந்தீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "நாப்பது வருஷம் கத்துன தொண்டை, வீட்ல கத்துனா பொஞ்சாதி அடிக்க வர்றா" என்றாராம்.

முடிந்தால் இரண்டு பென்சில் அனுப்பு. இங்கே கடையில் உப்பும் தீப்பெட்டியும்தான் இருக்கின்றன.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஆக்-தோபே
9 நவம்பர் 1997

அன்புத் தங்கை புருலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அலுவலகத்தில் கணப்பு இல்லை. விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலகம் என்று வாசலில் பலகை இருக்கிறது, உள்ளே நாங்கள் நான்கு பேரும் ஒரு பூனையும் இருக்கிறோம். பசுவின் காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒற்று.

ஆறு பென்சில் வைத்திருக்கிறேன். ஒன்று இரண்டு பக்கமும் எழுதும், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். அதை ஜிபாருக்கு மட்டும் கொடு.

முதல் மாதம் அவளுக்கு ஏன் பள்ளி பிடிக்கவில்லை? நீ ஒரு வரியில் எதையாவது தாண்டிப் போனால், அங்கே ஒரு குழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

இன்னொன்று. அந்த நெட்டை மனிதருக்குப் பெயர் என்று ஒன்று இருக்குமே? ஒன்பது வருடமாக நீ நெட்டை மூத்தார், தேனீ மூத்தார், ஜிபாரின் அப்பா என்றே எழுதுகிறாய். உன் கடிதங்களில் ஆண்கள் யாருக்கும் பெயரே கிடையாது. கணவன் வழிப் பெரியவர்கள் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, சரி. தபால்காரனுமா ஒட்டுக் கேட்கிறான்? நான் அந்த மாதிரி ஒரு வீட்டில் மருமகளாக நாற்பது நாள்தான் இருந்தேன். அதைப் பற்றி இப்போது எதற்கு.

குளிர் ஏறுவதற்குள் ஜன்னல் இடுக்குகளில் பஞ்சை அடை.

அக்கா அனார்கான்

*

கோக்-தால்
16 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாகக் கணவாய் மூடிக் கிடந்தது. நேற்றுதான் முதல் வண்டி வந்தது. உன் உடல்நிலை எப்படி, இருமல் போய்விட்டதா? நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். பதினொரு ஆடுகளை ஓநாய் கொண்டுபோனதாக ஜிபாரின் அப்பா சொல்லியனுப்பினார். பசுவின் கால் குணமாகிவிட்டது.

அக்கா, ஜிபார் படிக்கிறாள்! மாவு மூட்டை மேல் இருப்பதையும், தீப்பெட்டி மேல் இருப்பதையும், அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய பழைய செய்தித்தாளையும் படிக்கிறாள். நேற்றுக் கடையில் போய் நின்று, "இந்த சர்க்கரை போன வருஷமே கெட்டுப் போயிருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குளிர்காலம் முழுக்கப் பள்ளி ஒரு நாளும் மூடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் காலையில் ஒரு வறட்டி கொண்டுபோக வேண்டும். மூத்தார் எல்லாருக்கும் முன்னால் வந்து, தன் வறட்டியை முதலில் அடுப்பில் போட்டு, மை உருகும்வரை பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அவருடைய குதிரை முதுகில் மூன்று பிள்ளைகள், அவர் நடந்து வருவார். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

போன வாரம் தாயிரின் அம்மா வீட்டில் ஆட்டு ரோமத்தை மிதித்துக் கம்பளம் செய்யக் கூடினோம். முதல் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பதினான்கு பேரும் வந்திருந்தோம். எல்லாரும் இந்த ஒரே குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், ஓரகத்திகள்தான். மிதிக்கும்போதே பேச்சு வந்தது.

"நாப்பது வருஷத்துல அந்த மனுஷனுக்கு மேலிடத்துலேர்ந்து ஒரு காகிதம் குடுத்திருப்பாங்களா?" என்றாள் தாயிரின் அம்மா.

"குடுத்தாங்களே. நாளைலேர்ந்து வராதேன்னு ஒரு காகிதம்" என்றாள் எங்களில் இளையவள், நாங்கள் சின்ன மருமகள் என்று கூப்பிடுகிறவள்.

"மே மாசம் பள்ளிக்கூடம் முடியுற கடைசி மணி அன்னைக்கு எல்லா ஊர்லயும் ஒரு வாத்தியாருக்குப் பாராட்டுப் பத்திரம் குடுக்குறாங்க. இவருக்கு ஏன் குடுக்கக் கூடாது? ஜிபாரம்மா, உங்கக்கா அந்த ஆபீஸ்லதானே டைப் அடிக்குது? உனக்குத்தான் எழுத வரும். நீ எழுது, நாங்க கையெழுத்துப் போடறோம்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாயிரின் அம்மாவின் பெயர் நாஸ்கான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனுவை நேராக உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கிறோம். மூத்தாருக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார்.

மற்றபடி நலமே. இருமலுக்குக் கொழுப்புப் பால் குடி.

உன் தங்கை

*

ஆக்-தோபே
14 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

முதலில் என் நற்செய்திப் பரிசை எடுத்து வை. ஒரு ஆட்டுத் தோலுக்குக் குறைந்து ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மனு ஜெயித்தது! மாவட்டத்தில் முப்பத்தொரு பள்ளிகள், ஆறு பாராட்டுப் பத்திரங்கள். அதில் ஒன்று கோக்-தாலுக்கு. எங்கள் அதிகாரி உன் மனுவைக் கூட்டத்தில் வாசித்தார். "மை உறைந்த நாட்களிலும் எங்கள் பிள்ளைகளின் எழுத்து உறையவில்லை" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வாசித்தார். என் தங்கை எழுதியது என்று நான் சொல்லவில்லை. கையுறைக்குள் விரலை நெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

பத்திரத்தை நானேதான் தட்டச்சு செய்தேன். மனுவில் "எங்கள் முதல் வகுப்பு ஆசிரியர்" என்று மட்டும் இருந்ததால், பெயரைப் பதிவேட்டில் பார்த்து எடுத்தேன். உலான் மாமிதோவ். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். கடைசியில் உன் நெட்டை மூத்தாரின் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நீ ஒளிக்க முடியாது!

மே இருபத்தைந்து அன்று ஆய்வாளர் ஜீப்பில் வந்து, ஊர் முன்னால் வாசித்துக் கொடுப்பார்.

எனக்கு இருமல் இல்லை. உனக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள்.

அக்கா

*

கோக்-தால்
22 ஏப்ரல் 1998

அக்கா,

நலம் விசாரிக்க முறைப்படி இரண்டு வரி எழுத வேண்டும். மன்னித்துக்கொள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெயர் அவருடையது இல்லை. அது சட்டை விற்க ஓடிப்போன பையனுடையது.

அவன் போனதைத் தலைமையாசிரியர் உங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆசிரியர் இல்லையென்று தெரிந்தால் வகுப்பை மூடி, பிள்ளைகளைப் பதினொரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்கு நடக்க விடுவார்கள் என்ற பயம். அதனால் பதிவேட்டில் அவன் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான்.

நீ நவம்பரில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஜிபார் இடது கைக்காரி. உனக்கு அது தெரியும். அந்த உலான், முதல் வாரமே அவள் இடது கையை அவளுடைய கழுத்துத் துணியால் பெஞ்சுக் காலோடு கட்டினான். ஒரு நாள் இல்லை, நான்கு வாரம். வலது கையில் எழுத்து வரவில்லையென்று மூலையில் நிறுத்தினான். நான் மணிக்கட்டில் தழும்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால், வீட்டில் ரொட்டியை இடது கையால் எடுத்தால் நானும்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். வாத்தியார் செய்வது நல்லதற்குத்தான் என்று நினைத்தேன். இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

மூத்தார் வந்த முதல் நாள், ஜிபார் தன் இடது கையைத் தானே தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் கட்டவில்லை. அவர் பார்த்திருக்கிறார். "கைய ஏன்மா சிறை வச்சிருக்க?" என்று கேட்டாராம். பிறகு அவளை எழுப்பி, பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தார், பக்கத்தில் இருப்பவளின் முழங்கை இடிக்காமல் எழுத. அவ்வளவுதான். அறிவுரை, திட்டு ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜிபார் இடது கையால் ரொட்டியை எடுத்தாள். எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தேநீரை ஊற்றினேன்.

இப்போது அவன் பெயரை ஊர் முன்னால் வாசித்தால், அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு வெள்ளை ரிப்பனோடு நிற்க வேண்டும். பத்திரத்தை எப்படியாவது மாற்று, அக்கா. அவர் யாரென்று இங்கே யாரைக் கேட்டாலும் தெரியும். பழுப்புக் குதிரை வைத்திருப்பார். கல்பக் தொப்பியின் இடது மடிப்பில் தையல் விட்டிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. மூத்த மகன் மருத்துவன்.

காத்திருக்கிறேன்.

உன் தங்கை

*

ஆக்-தோபே
30 ஏப்ரல் 1998

புருல்,

அந்தக் கையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாராட்டுப் பத்திரத்தில் அவன் பெயரை அடித்தவை என் விரல்கள். உன் மூத்தாருக்கு ஆணை இல்லை என்று நீ அக்டோபரிலேயே எழுதியிருந்தாய், பதிவேட்டைப் பார்த்தபோது அதை மறந்துவிட்டேன். அன்றைக்கு மூன்று தடவை சரிபார்த்தேன் என்று வேறு பெருமையாக எழுதினேன்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, வகுப்பை மூட மாட்டார், ஆனால் காகிதத்துக்குப் பதில் காகிதம்தான் கேட்பார். பெற்றோர் சார்பில், ஆசிரியரின் பெயர், தகப்பன் பெயர் இரண்டும் எழுதிய தாள் ஒன்று மே பதினைந்துக்குள் அவர் கைக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அச்சடித்ததே போகும்.

நீ எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். குதிரையின் நிறம் தெரிகிறது. தொப்பியில் எந்தப் பக்கம் தையல் விட்டது என்று தெரிகிறது. மகனின் தொழில் தெரிகிறது. பெயர் இல்லை! நாற்பது வருடப் பழைய ஆண்டுக் கோப்புகள் வெள்ளத்தில் போய்விட்டன. அவர் ஓய்வூதியம் வேறு அலுவலகத்தில். நான் எங்கே போய்த் தேட?

பதினான்கு பெண்கள் ஒரு மனிதருக்காக அழுது மனு எழுதுகிறீர்கள், அவர் பெயரை எழுத ஒருத்திக்கும் வரவில்லையா? எழுது. ஒரு சொல். கதவைச் சாத்திக்கொண்டு எழுது.

கடிதம் வர ஏழு நாள் ஆகிறது என்பதை மறக்காதே.

அனார்கான்

*

கோக்-தால்
8 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் அலுவலகப் பூனையும் சுகமா? இங்கே குட்டிகள் பிறந்துகொண்டிருக்கின்றன, ஆண்கள் எல்லாரும் மேலே மந்தையோடு. ஊரில் நாங்களும் பிள்ளைகளும்தான்.

நீ சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "எங்கள் ஆசிரியர்" என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்கு முன் தேநீர் ஆறிவிட்டது. நீ சிரிப்பாய். இது பயம் இல்லை. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. ஒன்பது வருடமாக வாயில் வைக்காத பெயரை மையில் வைக்கும்போது, அவர் இருக்கும் அறைக்குள் தலைத்துணி இல்லாமல் நுழைவது போல இருந்தது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஓரகத்திகளைக் கூப்பிட்டேன்.

"கைக்கு நாக்கா இருக்கு? எழுதுனா அது பேசுனதா ஆயிடுமா?" என்றாள் இளையவள்.

"அப்ப நீ எழுது" என்று தாயிரின் அம்மா பேனாவை நீட்டினாள்.

"நானா? எனக்குக் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி வரும்."

"கோழி கிண்டுனா என்ன, ஆபீஸ்ல என்ன தானியமா பொறுக்கப் போறாங்க?"

பேனா பதினான்கு கை சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைக்காரரிடம் எழுதி வாங்கலாம் என்றாள் ஒருத்தி. அவரிடம் சொன்னால் சாயங்காலமே மூத்தார் காதுக்குப் போகும், அவர் குதிரையேறி வந்து உங்கள் அதிகாரியிடமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். தலைமையாசிரியரிடம் போனோம். "நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல" என்று கோழிக்குத் தீனி போடக் கிளம்பிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு, ஜிபார் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இடது கையில் உன் இரட்டைப் பென்சில். அக்கா, நான் எவ்வளவு முட்டாள்! நாங்கள் இந்தக் குலத்துக்கு வந்தவர்கள். அவள் இங்கே பிறந்தவள். அவளுக்கு அவர் பெரியப்பா முறை. அவளுக்கு எந்தக் கட்டும் இல்லை.

"உங்க வாத்தியார் பேரை அழகா ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றேன். உடனே எழுதிவிட்டாள். தகப்பன் பெயர் தெரியவில்லை. அதையும் நான் சொல்ல முடியாது, அவர் எனக்கு மாமனார் முறை. மறுநாள் அவள் வகுப்பில் எழுந்து நின்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா எங்கப்பா பேரு?"

"வீட்டுப் பாடம்."

"நான் குடுக்கலையே. யாரு குடுத்தா?"

"எங்கம்மா."

அவர் ஒன்றும் கேட்காமல் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடவில்லை. எழுத்துச் சாய்ந்திருக்கிறது என்று மூன்று தடவை எழுத வைத்து, மூன்றாவதைத் திருத்தி ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணும் போட்டு அனுப்பியிருக்கிறார். வேறு தாளில் எழுத வைக்க நேரமில்லை, வண்டி கிளம்புகிறது. பின்பக்கம் நாங்கள் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்படியே இணைத்திருக்கிறேன்.

உன் தங்கை

*

(இணைப்பு: கோடு போட்ட நோட்டுத் தாள், நீலப் பென்சில்)

எங்கள் ஆசிரியர் பெயர் ஒஸ்மோன்குல். அவருடைய அப்பா பெயர் ஜானிபெக். அவர் மிகவும் உயரம். அவரிடம் ஒரு குதிரை இருக்கிறது. நான் எல்லா எழுத்தும் படித்து முடித்துவிட்டேன். ஜிபார், முதல் வகுப்பு

(கீழே சிவப்பு மையில்: 5. நன்று. கடைசியில் முற்றுப்புள்ளி எங்கே? ஒ.)

*

ஆக்-தோபே
16 மே 1998

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலமா? குட்டிகள் பிழைத்தனவா? நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கவலைப்படாதே, காரணம் கேள்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதி மதியம்தான் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரி அறைக்குப் போனேன்.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளை வீட்டுப் பாடம்?"

"நீங்க கேட்ட எழுத்து ஆதாரம், ஐயா. பெயர், தகப்பன் பெயர். பின்னாடி பெற்றோர் கையெழுத்து."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அஞ்சு மார்க் யாரு போட்டது?"

"அவரேதான். எதுக்குன்னு அவருக்குத் தெரியாது."

"தன் பேருக்குத் தானே அஞ்சா!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து கணக்கர் எட்டிப் பார்த்தார். "ஏன், இந்தப் பொம்பளைங்களுக்கு எழுதத் தெரியாதா?" என்று கணக்கர் கேட்டதும், அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கம்மா எங்க பெரியப்பா பேரைச் சாகுற வரைக்கும் சொல்லல. அவரு செத்தப்ப ஒப்பாரியில கூடச் சொல்லல" என்றார். உன் தாளை அவரே கோப்பில் குத்தினார்.

புதிய பத்திரத்தை அன்றே அடித்துவிட்டேன். ஆனால் அதில் கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். இருபத்து மூன்றாம் தேதி மாலை திரும்புவாராம். உங்கள் ஊருக்கு ஜீப் இருபத்து நான்கு காலையில் கிளம்புகிறது. கையெழுத்துப் போட்டது பழையது ஒன்றுதான். எது வண்டியில் ஏறும் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. பொய்ச் சத்தியம் செய்யவும் மாட்டேன். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன், அவ்வளவுதான்.

பேனா பதினான்கு கை சுற்றி வந்தது என்று எழுதியிருந்தாய். வேறு ஒரு காலத்தில் அதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பேன். நீ தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது, என் நாற்பது நாள் நினைவுக்கு வந்தது. எனக்கு அங்கே யார்மேலும் அப்படி ஒரு மரியாதை வரவில்லை, புருல். வர வைக்க அங்கே யாரும் இல்லை. மிச்சத்தை நேரில் பேசுவோம்.

ஜிபாரின் கையை என் சார்பில் முத்தமிடு. இடது.

அக்கா

*

கோக்-தால்
26 மே 1998

என் அன்புள்ள அனார்கான் அக்காவுக்கு,

ஆட்கள் நலம், கால்நடை நலம், மழை நலம். நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ எதையும் விட்டுவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

காலை எட்டு மணிக்கே போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து, மூன்று துணி விரிப்பு நிறையக் குவித்தோம். ஆண்களில் ஒன்பது பேர் மேலேயிருந்து இறங்கி வந்தார்கள், ஜிபாரின் அப்பாவும் வந்தார். பதினான்கு பேரும் சேர்ந்து தைத்த நீலச் சாபான் அங்கியை மடித்து, நாஸ்கான் மடியில் வைத்திருந்தாள். மூத்தார் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். தனக்கு என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

ஜீப் பத்தரைக்கு வந்தது. ஆய்வாளர் சிவப்பு அட்டைக் கோப்போடு இறங்கினார். தலைமையாசிரியர் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆய்வாளர் முதலில் அரசாங்கத்தைப் பற்றிப் பேசினார், பிறகு சாலையைப் பற்றிப் பேசினார். ஜிபார் முன் வரிசையில் நின்றிருந்தாள்.

"கோக்-தால் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியர்" என்று வாசித்து நிறுத்தினார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். அந்தப் பையில் இல்லை. இந்தப் பையிலும் இல்லை. "தலையில இருக்கு!" என்று இளையவள் கத்தியேவிட்டாள்.

போட்டுக்கொண்டு வாசித்தார். நீ இரண்டாவதாக அடித்த பெயர்தான், அக்கா. தகப்பன் பெயரோடு, சரியாக.

யாரும் சொல்லி வைக்கவில்லை. பதினான்கு பேரும் ஒன்றாக எழுந்தோம். கல்யாணத்தன்று பெரியவர்கள் முன்னால் குனிவது போல, வலது கையை முழங்காலில் வைத்து மூன்று முறை குனிந்தோம். குனிகிற மருமகளுக்கு "ஆயுசு நீளட்டும்" என்று பெரியவர் பதில் சொல்ல வேண்டும். அவருக்குக் குரல் வரவில்லை. நாங்களும் பதில் வராமல் நிமிர முடியாது. அப்படியே நின்றோம். கடைசியில் ஜிபாரின் அப்பாதான், "அண்ணே, இடுப்பு ஒடிஞ்சிடப் போகுது, சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார்.

சாபானைப் போர்த்தினோம். கை குட்டையாக இருந்தது. அவர் நீளத்துக்கு யார் தைத்தாலும் குட்டையாகத்தான் இருக்கும். பத்திரத்தை ஒரு பார்வை பார்த்து மடித்துவிட்டார். அதோடு குத்தியிருந்த மனுவைத்தான் முழுக்கப் படித்தார். நின்றுகொண்டே, ஊர் முழுக்கக் காத்திருக்க, நிதானமாகப் படித்தார். பிறகு ஜிபாரின் தாளைப் பிரித்தார்.

"இதுக்குத்தானா அந்த வீட்டுப் பாடம்?" என்று அவளைப் பார்த்தார். "முற்றுப்புள்ளி இன்னும் வைக்கல நீ."

கூட்டம் சிரித்தது. உயரமான பையன் தோளில் ஜிபாரை ஏற்றி மணியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசி மணியை முதல் வகுப்பின் சார்பில் அவள்தான் அடிக்க வேண்டும். மூத்தார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பொறுங்க. வருகை எடுக்காம எந்த வகுப்புலயும் நான் மணி அடிக்க விட்டதில்ல."

பிள்ளைகள் நிமிர்ந்து நின்றார்கள். ஆனால் அவர் அவர்களைப் பார்க்கவில்லை. மனுவின் கடைசிப் பக்கத்தை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எங்கள் கையெழுத்துகளை வாசித்தார்.

"நாஸ்கான்."

தாயிரின் அம்மாவுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவளை அந்தப் பெயரால் இந்த ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஜிபார்தான் மேலேயிருந்து, "சொல்லுங்க பெரியம்மா, உள்ளேன் ஐயான்னு சொல்லணும்" என்றாள்.

"உள்ளேன் ஐயா" என்றாள் நாஸ்கான்.

"கென்ஜே."

"உள்ளேன் ஐயா." அது எங்கள் இளையவள்.

ஒவ்வொரு பெயராக வந்தது. அல்தினாய். சாய்ரா. பாத்திமா. அவர்களுடைய கணவன்மார் சிலர், பெண்டாட்டியின் பெயரை அடுத்தவர் வாயில் முதல்முறை கேட்பது போல நின்றார்கள். நான் பதினான்காவது. எழுதியவள் என்பதால் கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஜிபாரின் அம்மா என்றும் மருமகளே என்றும் கேட்டுக் கேட்டு, என் முறை வரும்போது அது என் பெயர்தான் என்று எனக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் தெரிந்தது.

பெயர்களை முடித்துவிட்டு அவர் தாளை மடித்தார். "எல்லாரும் வந்திருக்காங்க" என்று ஜிபாரிடம் சொன்னார். "இப்ப அடி."

அவள் அடித்தாள்.

நாங்கள் அடுத்த வாரம் மேய்ச்சலுக்கு மேலே போகிறோம். குமிஸுக்குக் குதிரைப் பால் புளிக்கும் நாட்களில் நீ வா. ஆட்டுத் தோல் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு.

அசான் மகள் புருல்